பத்துப் பெயர்களைவிட ஒரு மணி நேரச் சோதனை முக்கியம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்ததையொட்டி, பழைய கணினிகளுக்கு ஏற்றவை என்று விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸின் பத்து வழங்கல்களை, அதாவது நிறுவத் தயாரான தொகுப்புகளை, தங்கள் தொழில்நுட்பப் பக்கம் பட்டியலிட்டிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியைக் குப்பையில் போட வேண்டாம் என்று எழுதியதற்கு முதலில் நன்றி. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை, இன்டெல் செயலி எட்டாம் தலைமுறைக்கு முந்தையது என்ற காரணங்களுக்காக விண்டோஸ் 11 ஏற்க மறுக்கும் கணினிகளில் பெரும்பாலானவை இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடியவை. ஆனால் அந்தப் பட்டியல் வாசகரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. எந்த லினக்ஸ் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, நிறுவுவதற்கு முன் செய்தாக வேண்டிய ஒரு மணி நேரச் சோதனையை விட்டுவிடுகிறவர்கள்தான் பத்து நாளில் "லினக்ஸ் சரிப்பட்டு வராது" என்று திரும்பிப் போகிறார்கள்.

வழங்கல் என்பது தனி இயங்குதளம் அல்ல. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய அதே கர்னல்தான், அதாவது வன்பொருளை இயக்கும் அடிப்படை நிரல்தான், எல்லாவற்றிலும் இருக்கிறது. அதற்கு மேல் வரும் ஃபயர்பாக்ஸ், லிப்ரெஆபிஸ், விஎல்சி எல்லாமும் எங்கும் கிடைப்பவை. மெனு இடப்பக்கமா வலப்பக்கமா, நிறம் பச்சையா நீலமா என்பதைப் பத்து நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம். உண்மையான வேறுபாடு ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது: மென்பொருள்களின் எந்தப் பதிப்பை உறையவைத்து, அதற்கு எத்தனை ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் தருகிறார்கள்? தங்கள் பட்டியலில் ஒரு பெயருக்குப் பக்கத்திலும் இந்தத் தகவல் இல்லை.

உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருகிறது. ஐந்து ஆண்டு திருத்தம் கிடைக்கும். இடையில் ஆறு மாதத்துக்கு ஒன்றாக வரும் பதிப்புகளுக்கு ஒன்பதே மாதம்தான். சுபுண்டு, குபுண்டு போன்ற உடன்பிறப்புகள் நீண்டகாலப் பதிப்பாக இருந்தாலும் மூன்று ஆண்டுதான். பெயரில் உபுண்டு இருப்பதால் ஐந்து என்று நினைத்துவிடக் கூடாது. லினக்ஸ் மின்ட் 22, உபுண்டு 24.04இன் மேல் கட்டப்பட்டது, 2029 வரை திருத்தம் வரும். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13க்கு மூன்று ஆண்டு முழு ஆதரவு, அதன்மேல் இரண்டு ஆண்டு நீண்டகால ஆதரவு. ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ பதின்மூன்று மாதம். அதாவது ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுப் பதிப்பு மாற்றம் செய்தே ஆக வேண்டும். ஆர்ச் லினக்ஸுக்குப் பதிப்பு எண்ணே கிடையாது. ஓடிக்கொண்டே இருக்கும் ஆறு அது. அதன் அறிவிப்புகளைப் படித்துவிட்டு அப்டேட் செய்கிறவர்களுக்கு அது அருமையானது. மூன்று மாதம் தொடாமல் வைத்திருந்துவிட்டு, ஒரே ஒரு மென்பொருளை மட்டும் புதுப்பித்தால் நூலகங்கள் (மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துணை நிரல்கள்) ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும். பகுதி அப்டேட்டை ஆர்ச் ஆதரிப்பதில்லை. காளி லினக்ஸ் ஏன் பட்டியலில் இடம்பெற்றது என்பது விளங்கவில்லை. அது ஊடுருவல் சோதனை செய்யும் வல்லுநர்களுக்கான கருவிப்பெட்டி. புதியவர்களுக்கு உகந்ததல்ல என்று அதை உருவாக்குகிறவர்களே தங்கள் ஆவணத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

வீட்டிலும் அலுவலகத்திலும் கடிதம் எழுத, கணக்குப் போட, இணையம் பார்க்க என்றால் மின்ட் அல்லது டெபியன் போதும். இரண்டில் எது என்பதற்கும் தயங்க வேண்டாம். கணினி பழையது, மாற்றமே வேண்டாம் என்றால் டெபியன். முதல்முறை, பொத்தான் அழுத்தியே எல்லாம் நடக்க வேண்டும் என்றால் மின்ட். கணினி சென்ற ஆண்டு வாங்கியதாக இருந்தால் மட்டும் கணக்கு மாறும்: புதிய வைஃபை சில்லும் கிராஃபிக்ஸும் புதிய கர்னலைக் கேட்கும், அப்போது ஃபெடோரா பொருந்தும்.

உறையவைத்த பதிப்பு "பழசு" என்று பலரும் குறை சொல்கிறார்கள். 2024 மார்ச் கடைசியில் நடந்ததை இங்கே நினைவூட்ட வேண்டும். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கணினிக்குள் கள்ளத்தனமாக நுழைய உதவும் பின்கதவு ஒன்றை யாரோ புகுத்தியிருந்தார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் பொறுமையாகப் பங்களித்து நம்பிக்கை சம்பாதித்து, தனி ஆளாகச் சோர்ந்திருந்த பராமரிப்பாளரிடமிருந்து பொறுப்பைப் பெற்ற பிறகு செய்த வேலை அது. ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைநுழைவு (வேறொரு கணினிக்குள் இணையம் வழியே நுழைவது) வழக்கத்தைவிட அரை வினாடி தாமதமாவதைக் கவனித்து, காரணம் தேடிப் போய்க் கண்டுபிடித்தார். மூலநிரல் திறந்திருந்ததால்தான் அவரால் ஆதிவரை தோண்ட முடிந்தது. அதே சமயம், திறந்திருப்பதால் மட்டும் எல்லோரும் படித்துவிடுவதில்லை என்பதும் அதே நிகழ்ச்சி சொல்லும் உண்மைதான். டெபியனின் சோதனைக் கிளைகளுக்கும் ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்புக்கும் அந்த நிரல் போய்ச் சேர்ந்திருந்தது. டெபியன் நிலைப்பதிப்பிலும் உபுண்டு நீண்டகாலப் பதிப்பிலும் அது இல்லை. அவற்றில் இருந்தது பழைய பதிப்பு. பழசு என்று இகழப்படும் அந்த இடைவெளிதான் அன்று கோடிக்கணக்கான கணினிகளுக்கு வேலியாக நின்றது.

அடுத்து "இலகுவான லினக்ஸ்" என்ற சொல். 4 ஜிபி ராம் உள்ள பழைய மடிக்கணினி மெதுவாக இருக்கிறதா, இலகுவானதைப் போடுங்கள் என்று கட்டுரை சொல்கிறது. எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்புக்கும் சினமன் என்ற வழக்கமான டெஸ்க்டாப்புக்கும் இடையே இருப்பது சில நூறு மெகாபைட் வித்தியாசம். பிரவுசரில் ஐந்தாறு டேப் திறந்தால் அந்தச் சேமிப்பு கரைந்துவிடும். ஏனென்றால் நினைவகத்தைத் தின்பது டெஸ்க்டாப் அல்ல, இன்றைய இணையப் பக்கங்கள். பழைய கணினியை உண்மையில் மந்தமாக்குவது சுழலும் ஹார்டு டிஸ்க். தட்டு சுழன்று, முனை நகர்ந்து படிக்க வேண்டியிருப்பதால், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை வினாடிக்கு நூறு சொச்சம் முறைதான் அதனால் எடுக்க முடியும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி பல்லாயிரம் முறை எடுக்கும். கணினி துவங்குவதும் பிரவுசர் திறப்பதும் இத்தகைய சிதறிய வாசிப்புகளால் ஆனவை. ஆகவே 2.5 அங்குல டிஸ்க் உள்ள மடிக்கணினியில் முதல் செலவு எஸ்எஸ்டி. இரண்டாவது, இடம் இருந்தால் ராமை 8 ஜிபி ஆக்குவது. ராம் கூட்ட முடியாதென்றால் இசட்ராம் வசதியை இயக்கலாம். அது பயன்படாத நினைவகப் பகுதிகளை டிஸ்க்குக்கு அனுப்பாமல் நினைவகத்துக்குள்ளேயே சுருக்கி வைக்கும். வழங்கலை மாற்றுவது இவற்றுக்கெல்லாம் பிறகுதான் கணக்கில் வரும்.

32 பிட் செயலி மட்டும் உள்ள மிகப் பழைய கணினிக்கு வழி குறுகிக்கொண்டே வருகிறது. டெபியன் 13இல் அதற்கு நிறுவியும் இல்லை, கர்னலும் இல்லை. அப்படிப்பட்ட கணினியை இணையத்தோடு சேர்க்க வேண்டாம்.

இப்போது அந்த ஒரு மணி நேரம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று வேண்டும். இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பின் (வழங்கல் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) சரிபார்ப்புத் தொகை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்சரம், வழங்கலின் தளத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பாதியில் அறுந்த பதிவிறக்கம்தான் "நிறுவும்போது நடுவில் நின்றுவிட்டது" என்ற புகார்களில் பலவற்றுக்கு மூலம். கோப்பை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்தால் கணினி துவங்காது. ரூஃபஸ், வென்டாய் போன்ற கருவியால் எழுத வேண்டும். பிறகு அதிலிருந்து துவக்கி, நிறுவாமலே பயன்படுத்திப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமராவும் மைக்கும் வேலை செய்கின்றனவா, வெளித்திரை தெரிகிறதா, திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா? இவற்றைவிட முக்கியமானது உறக்கம். மூடியை மூடி, பத்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். எழவில்லை என்றாலோ, வைஃபை மட்டும் எழவில்லை என்றாலோ, நிறுவிய பிறகும் பெரும்பாலும் அதே கதைதான். அச்சுப்பொறியையும் அப்போதே இணைத்து ஒரு பக்கம் எடுத்துவிடுங்கள். டிரைவர் (சாதனத்தை இயக்கும் துணை நிரல்) தேவைப்படாத ஐபிபி என்ற அச்சு முறையை ஆதரிக்கும் அச்சுப்பொறி சொடுக்கியதும் வரும். கணினியின் டிரைவரையே நம்பி அச்சிடும் மலிவு வகைகள் சில, தயாரிப்பாளர் லினக்ஸுக்கு டிரைவர் தராவிட்டால் எந்த வழங்கலிலும் வராது.

நிறுவும் கட்டத்தில் மக்கள் தரவை இழக்கும் இடங்களைக் கட்டுரை தொடவே இல்லை. விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போடுகிறவர்களுக்கு இது மிக முக்கியம். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழையும் மடிக்கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியால் மறையாக்கம் (சாவி இன்றிப் படிக்க முடியாதபடி பூட்டுதல்) செய்யப்பட்டிருக்கும். உரிமையாளருக்கே அது தெரிந்திருக்காது. பயாஸில் (கணினி துவங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) செக்யூர் பூட்டை, அதாவது நம்பகமான நிரல்களை மட்டும் துவங்கவிடும் காப்பை, மாற்றியதும் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது கையில் இல்லையென்றால் கோப்புகள் போனவைதான். எனவே முதலில் அந்தச் சாவியை எடுத்துக் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும், முடிந்தால் மறையாக்கத்தையே நீக்கிவிட்டுத் தொடங்க வேண்டும். அடுத்தது விண்டோஸின் விரைவுத் துவக்கம். அது இயக்கத்தில் இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் கர்னல் நிலையை டிஸ்க்கில் எழுதி உறங்குகிறது. அந்த நிலையில் லினக்ஸ் விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பகுதி) திறந்தால் படிக்க மட்டுமே அனுமதிக்கும், எழுத விடாது. வலுக்கட்டாயமாக எழுதினால் கோப்பு சிதையும். கன்ட்ரோல் பேனலின் மின்சார அமைப்பில் அதை அணைத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

நிறுவியில் டிஸ்க்கே தென்படவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம், பயாஸில் சேமிப்பகம் இன்டெல்லின் ரெய்டு என்ற தனி முறையில் வைக்கப்பட்டிருப்பது. அதை ஏஎச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்ற வேண்டும். ஆனால் சட்டென்று மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் (குறைந்தபட்ச வசதிகளுடன் துவங்கும் முறை) துவங்குமாறு அமைத்து, மறுதுவக்கத்தில் பயாஸை மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை நுழைந்துவிட்டு வழக்க முறைக்குத் திரும்ப வேண்டும். இன்னொன்று: விண்டோஸ் யுஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையில் இருக்க, பென் டிரைவைப் பழைய லெகசி முறையில் துவக்கி நிறுவினால், இரண்டும் ஒரே துவக்கப் பட்டியலில் வராது. துவக்கப் பட்டியலில் பென் டிரைவின் பெயர் இரண்டு முறை தெரிந்தால் யுஇஎஃப்ஐ என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இடப் பிரிப்புக்குப் பெரிய தத்துவம் ஒன்றும் தேவையில்லை: அமைப்புக்கு 40 முதல் 50 ஜிபி, மீதியை உங்கள் கோப்புகளுக்கான தனி ஹோம் பார்ட்டிஷனாக விட்டால், பிறகு அமைப்பை மட்டும் அழித்துப் புதிதாகப் போட முடியும். விண்டோஸ் பார்ட்டிஷனைச் சுருக்கும் வேலையை விண்டோஸின் டிஸ்க் கருவியாலேயே செய்வது பாதுகாப்பு. எதைத் தொடுவதற்கு முன்பும் கோப்புகளின் நகல் வெளி டிஸ்க் ஒன்றில் இருக்க வேண்டும், அந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்திருக்க வேண்டும்; நிறுவும்போது செருகியே விட்டு, தவறான டிஸ்க்கை அழித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

என்விடியா கிராஃபிக்ஸ் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. செக்யூர் பூட் இயக்கத்தில் இருக்கும்போது அதன் டிரைவரை நிறுவினால், ஒரு கடவுச்சொல் கேட்கப்படும். அடுத்த துவக்கத்தில் நீலப் பின்னணியில் டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதிவு செய்யச் சொல்லும் திரை சில வினாடிகளே நிற்கும். அது என்னவென்று தெரியாமல் கடந்துவிட்டால், டிரைவர் நிறுவப்பட்டிருந்தும் கர்னல் அதை ஏற்காது. வெளித்திரை வராது, தெளிவு குறையும். வைஃபை சில்லுக்கு ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஏற்றப்படும் நிரல்) இல்லாமல் இணையமே இல்லையென்றால், கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்துகொண்டு தேவையானதை இறக்கலாம். டெபியன் 12இலிருந்து அத்தகைய ஃபர்ம்வேர் அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்க்கப்பட்டுவிட்டதால் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது.

ஆவணங்களைப் பற்றிக் கட்டுரை "லிப்ரெஆபிஸ் எல்லாவற்றையும் திறக்கும்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. திறக்கும் என்பது உண்மை. ஆனால் பக்கம் நகரும், அட்டவணை அடுத்த பக்கத்துக்குத் தாவும். காரணம் பெரும்பாலும் எழுத்துரு. காலிப்ரி கணினியில் இல்லையென்றால் வேறு அகலமுள்ள எழுத்துரு அதன் இடத்தில் அமரும், வரி முறிவுகள் எல்லாம் மாறும். அதே அகலத்தில் வடிவமைக்கப்பட்ட கார்லிட்டோவை காலிப்ரிக்கும், காலடேயாவை கேம்ப்ரியாவுக்கும், லிபரேஷன் எழுத்துருக்களை ஏரியலுக்கும் டைம்ஸ் நியூ ரோமனுக்கும் ஈடாக நிறுவினால் பெரும்பகுதிச் சிக்கல் தீரும். படிக்க மட்டும் அனுப்புவதைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். எக்ஸெல் மேக்ரோக்களை (கோப்புக்குள் எழுதிய தானியங்கு நிரல்கள்) நம்பி ஓடும் அலுவலகம் மட்டும் அவசரப்படக் கூடாது. அவற்றில் பல லிப்ரெஆபிஸில் திருத்தாமல் ஓடாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு இடறல். லிப்ரெஆபிஸ் தமிழைச் சிக்கலான எழுத்தமைவு என்ற வகையில் வைக்கிறது. அதன் எழுத்துருவும் அளவும் ஆங்கில எழுத்துருவிலிருந்து தனியாக நிர்ணயிக்கப்படுகின்றன. பாணியில் ஆங்கில எழுத்துருவை மட்டும் மாற்றிவிட்டு "தமிழ் மாறவே இல்லை" என்று திகைப்பவர்கள், இயல்புப் பத்தியின் பாணியைத் திறந்து அந்த இரண்டாம் பகுதியில் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் ஒரேயடியாகச் சரியாகும். இரண்டாவது, தட்டச்சு. விசைப்பலகைப் பட்டியலில் தெரியும் தமிழ்நெட்99 வெறும் விசைக்கு எழுத்து என்ற பொருத்தம்தான். தமிழ்99இன் தானாகப் புள்ளியிடும் விதி அதில் இயங்காது. அதற்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியும் எம்17என் தொகுப்பும் வேண்டும். நிறுவியபின் ஒருமுறை வெளியேறி நுழைந்தால்தான் பட்டியலில் வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தால் லினக்ஸைக் குறை சொல்ல வேண்டாம். அவை ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய குறியாக்கம். மாற்றியின் வழியே ஒருங்குறியாக்கி வைத்துவிடுவது எந்த இயங்குதளத்துக்கும் நல்லது.

நிறுவிய பிறகு கெடுவது பெரும்பாலும் ஒரே பழக்கத்தால். இணையத்தில் கண்ட கட்டளையைப் புரிந்துகொள்ளாமல் டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) ஒட்டுவது, வழங்கலின் களஞ்சியத்தில் (அதன் மென்பொருள் கிடங்கு) இருக்கும் மென்பொருளுக்கே வெளிக் களஞ்சியத்தைச் சேர்ப்பது. அப்படிச் சேர்த்தவை அடுத்த பதிப்புக்கு மாறும்போது ஒன்றோடொன்று மோதி, மாற்றத்தைப் பாதியில் நிறுத்தும். களஞ்சியத்தில் உள்ளது போதாதென்றால் தேவையான நூலகங்களைத் தன்னோடே கொண்டுவரும் ஃபிளாட்பேக் முறையைப் பயன்படுத்தலாம். டிஸ்க்கில் இடம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் அமைப்பின் நூலகங்களைத் தொடாது. மின்ட்டில் உள்ள டைம்ஷிஃப்ட்டை முதல் நாளே இயக்குங்கள், அப்டேட் ஏதாவது கெடுத்தால் அமைப்பைப் பின்னோக்கித் திருப்பும். அது இயல்பாக ஹோம் அடைவை நகலெடுப்பதில்லை. புகைப்படமும் ஆவணமும் அதில் பத்திரமாக இருக்கின்றன என்று நம்பி இழந்தவர்கள் உண்டு. அவற்றுக்குத் தனி பேக்கப் வேண்டும்.

யார் மாறக்கூடாது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். கர்னல் அளவில் ஏமாற்றுத் தடுப்பு வைத்திருக்கும் இணைய விளையாட்டுகளை ஆடுகிறவர்கள், அடோபியின் மென்பொருள்களில் தொழில் செய்கிறவர்கள், விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளையோ தேர்வுக் கண்காணிப்பு மென்பொருளையோ தவிர்க்க முடியாதவர்கள் தங்கள் முதன்மைக் கணினியில் விண்டோஸையே வைத்திருக்கட்டும். அவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்குத் தனிநபர்களுக்கான நீட்டிப்புத் திருத்தங்களை 2026 அக்டோபர் 13 வரை தருகிறது. பதிவு செய்தால்தான் வரும். அவகாசத்தை அதில் எடுத்துக்கொண்டு, பழைய கணினி ஒன்றில் லினக்ஸைப் பழகலாம்.

ஒரு சொல்லைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. கட்டுரை முழுவதும் "இலவச மென்பொருள்" என்றே வருகிறது. விலை இல்லாதது எல்லாம் திறமூலம் (மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது) அல்ல. பலரும் இலவசமாகப் பயன்படுத்தும் குரோம் பிரவுசரே முழுவதும் திறமூலமாகக் கிடைப்பதல்ல. ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டம் வலியுறுத்துவது மென்பொருளை இயக்க, படிக்க, திருத்த, பகிர உள்ள உரிமையை. அதனால்தான் தமிழில் கட்டற்ற மென்பொருள் என்ற சொல் உருவானது. இலவசம் என்று எழுதும்போது யாரோ தானமாகத் தந்தது போலாகிவிடுகிறது, பராமரிப்பவருக்கு நன்கொடையோ பிழை அறிக்கையோ மொழிபெயர்ப்போ தர வேண்டும் என்ற எண்ணமே வாசகருக்கு வராமல் போகிறது. எக்ஸ்இசட் பராமரிப்பாளர் தனியாகச் சோர்ந்து கிடந்ததற்கு அந்த எண்ணமின்மையும் ஒரு காரணம்.

தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தின் வாசகர் பலர் அச்சில் வந்ததை வெட்டி வைத்துக்கொண்டு அதன்படியே செய்கிறவர்கள். அடுத்த முறை இத்தகைய பட்டியல் வெளியாகும்போது, ஒவ்வொரு வழங்கலின் பெயருக்குப் பக்கத்திலும் அதன் ஆதரவு முடியும் மாதமும் ஆண்டும் இடம்பெறட்டும். பட்டியலுக்கு மேலே, பெரிய எழுத்தில், பிட்லாக்கர் மீட்புச் சாவியை எழுதி வைத்துவிட்டுத் தொடங்குங்கள் என்ற ஒரு வரியையும் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்